6,612-ஆவது படி

“அவுரு அமுக்குனாரா இல்லியா? அத மட்டும் சொல்லிடுங்கண்ணா. வேற ஒண்ணும் கேக்கல.”

“அத இந்தப் பெட்டி சொல்லாதும்மா. கரண்ட் போனதும் நடந்ததெல்லாம் மறந்துடும். ப்ரோகிராம் மட்டுந்தான் உள்ள இருக்கும்.”

“அப்ப ப்ரோகிராமாவது சரியா இருக்கான்னு பாருங்க. அவுரு அமுக்கியும் அது கத்தாம போயிருக்கலாம் இல்ல?”

“போயிருக்கலாம்.”

“புதன்கெழம விசாரணை. இன்னைக்கே ஞாயித்துக்கெழம.”

“பாத்துடுவாம்மா, கவலப்படாத. பொண்ணு பாக்கப் போலாம்னு சொன்னாதான் இவன் ஓடுவான். பெட்டின்னா சோறு கூட வேணாம்.”

கடைசியாகப் பேசியது ராபர்ட். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ராபர்ட் மட்டும் சிரித்துவிட்டு, மேசைமேல் இருந்த பெட்டியின் சேற்றைப் பழைய துணியால் துடைத்தான்.

இதைப் படிக்கும்போது நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் அப்படிப்பட்ட ஆள்தான். போகாத ஊர்களில் பனி பெய்யும் மொழிபெயர்ப்பு நாவல்களைப் படித்துவிட்டு, கடலூர் மஞ்சக்குப்பத்து வெயிலில் கம்பளிக் கோட்டு போட்ட மனிதர்களைத் தேடுகிறவன். கனவு காண்பேன். ஆனால் எண்களைக் கனவில் கண்டதில்லை. அன்று நடந்த ஒவ்வொன்றையும் நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதினேன். அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது சிதம்பரத்தில், ராபர்ட்டின் மோட்டார் ரிப்பேர் கடையில். அவனும் நானும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அந்தப் பெண் இசைவாணி. பக்கத்துத் தெரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். அவள் ஊர் குமராட்சிப் பக்கம், கொள்ளிடக் கரையில் உள்ள நாணல்திட்டு. ஐம்பது வீடு இருக்கும்.

போன ஆகஸ்டில் கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தது நினைவிருக்கலாம். நாணல்திட்டில் வெள்ள சைரன் ஒன்று வைத்திருந்தார்கள். கரைமேல் ஒரு சின்னக் காங்கிரீட் அறை, அதற்குள் ஒரு பெட்டி, ஒரு பொத்தான், கூரைமேல் பெரிய கொம்பு. இரவுக் காவலுக்கு இசைவாணியின் அப்பா சுப்புராயன். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் அவருக்குப் போன் வரும். அவர் பொத்தானை அமுக்க வேண்டும். ஊர் எழுந்து மேட்டுக்குப் போக வேண்டும்.

அன்று விடியற்காலை 3:48-க்குப் போன் வந்தது. எடுக்கவில்லை. 3:51-க்கு மறுபடி. எடுக்கவில்லை. நாலேகாலுக்கெல்லாம் தண்ணீர் ஊருக்குள் புகுந்துவிட்டது. சைரன் கத்தவே இல்லை. ஊரில் மூன்று பேர் தண்ணீரோடு போய்விட்டார்கள். சுப்புராயனை மறுநாள் கண்டுபிடித்தார்கள். அறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. உடல் கட்டிலோடு சுவரோரம் ஒதுங்கிக் கிடந்தது.

குடித்துவிட்டுத் தூங்கினான் என்று ஊர் சொன்னது. அவருடைய கருமாதிக்குச் சமைத்த சோற்றை யாரும் வந்து சாப்பிடவில்லை. பங்காளிகள்கூட வரவில்லை. அத்தனை அண்டாவையும் இசைவாணியும் அவள் அம்மா விருத்தாம்பாளும் வாய்க்காலில் கவிழ்த்தார்கள். அதற்குப் பிறகு விருத்தாம்பாள் நூறு நாள் வேலைக்குப் போனால் மற்றப் பெண்கள் பத்தடி தள்ளி நடக்கிறார்களாம். ‘தூங்குனவன் பொண்டாட்டி’ என்று பெயர். புதன்கிழமை விசாரணையில் அது எழுத்தாகவும் ஆகிவிடும்.

அந்தக் குடும்பத்துக்கு இருந்தது ஒரே ஒரு சாட்சி. கரையோரக் கடைசி வீட்டுச் செல்லாயி. மாட்டை அவிழ்த்துவிட வெளியே வந்தவள், நாலு மணிக்கு மேல் சைரன் அறை ஜன்னலில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்ததாகச் சொன்னாள். பொத்தானை அமுக்கியிருக்கும்வரைதான் அந்த விளக்கு எரியும். தண்ணீர் மூடும்வரை அது அணையவே இல்லை என்றாள். ஆனால் செல்லாயிக்குக் கண்ணில் புரை. யாரும் நம்பவில்லை.

நனைந்த பெட்டியைக் கழற்றி வீசியபோது ராபர்ட்தான் எடுத்து வைத்திருந்தான். அதன் சிப்பில் இருந்த ப்ரோகிராமை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெட்டி கடையிலேயே இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் கொண்டுவந்தது சில ஆயிரம் எண்கள் மட்டுமே. பொத்தான் இல்லை. விளக்கு இல்லை. ஒரு துண்டுக் கம்பிகூட இல்லை.

புதுச்சத்திரம் தாண்டியதும் மழை பிடித்தது. கடலூரில் இறங்கியபோது மணி 1:20. என் அறை இரண்டாவது மாடியில். கீழ்வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். எதிர்வீடு பூட்டியே கிடக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நேரில் பார்த்துப் பேசிய கடைசி ஆள் பஸ் கண்டக்டர். எனக்கு அது பழக்கம்தான். சில வாரங்களில் திங்கள் முதல் சனி வரை என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன்.

என் வேலையைப் பற்றி நாலு வரி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது.

சென்னையில் உள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். சின்னச் சின்னக் கருவிகளின் ப்ரோகிராமைச் சோதிக்கிறவன். கருவியைத் தொடவே மாட்டேன். லேப்டாப்புக்குள் அந்தக் கருவியின் மூளை போலவே ஒரு பொய் மூளையை ஓட்டுவேன். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அதற்கு உடம்பு கிடையாது. ‘பொத்தான் அமுங்கியிருக்கிறதா?’ என்று அது கேட்டால் நான்தான் பதில் தர வேண்டும். இல்லை என்றால் 0. ஆம் என்றால் 1.

எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பதும் என் கையில்தான். மூளை செய்யும் ஒவ்வொரு சிறு வேலையும் ஒரு படி. ஆயிரம் படி ஓடு என்றால், ஆயிரம் படி ஓடி நின்றுவிடும். ஆயிரத்தோராவது படியில் கால் வைக்காது. நின்ற இடத்தில் அதன் உலகமே நின்றுவிடும். அதன் கடிகாரமும்தான். நான் டீ குடித்துவிட்டு வரலாம். தூங்கி எழுந்து வரலாம். அதற்குத் தெரியாது.

இன்னொன்று. அதே ப்ரோகிராம், அதே பதில்கள், அதே படிகள் என்றால் நூறு தடவை ஓட்டினாலும் நூறு தடவையும் ஒரே இடத்தில், ஒரே மாதிரிதான் நிற்கும். இம்மி பிசகாது. மனிதர்களிடம் கிடைக்காத ஒரு நிம்மதி எனக்கு அதில் உண்டு.

உண்டு என்று எழுதிவிட்டேன். இருந்தது.

2:40-க்கு ப்ரோகிராமை முழுதாகப் படித்து முடித்தேன். எளிமையானது. பொத்தானை மூன்று விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு விரலை எடுக்க வேண்டும். எடுத்த உடனே சைரன் கத்தும். சின்னப் பிள்ளைகள் விளையாட்டாகத் தட்டிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. சுப்புராயனுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. மாதம் ஒரு தடவை சோதனைக்காக அவரே அமுக்கியிருக்கிறார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்று இசைவாணி சொல்லியிருந்தாள்.

சோதித்தேன். மூன்று விநாடிக்கு 1 கொடுத்தேன். பிறகு 0. சைரனை எழுப்பும் வரிக்கு மெஷின் சரியாக வந்து நின்றது. மறுபடி செய்தேன். மறுபடியும் சரி.

பெட்டியில் குற்றம் இல்லை.

அப்படியென்றால் அவர் அமுக்கவில்லை. தூங்கித்தான் போயிருக்கிறார். இதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். இரண்டு தடவை.

சொல்வதைத் தள்ளிப்போடத்தான் கடைசியாக ஒன்றைச் செய்து பார்த்தேன். யாரும் பொத்தானைத் தொடாமல் இருந்தால் மெஷின் சும்மா இருக்கிறதா என்று பார்ப்பது. எப்போதும் செய்கிற சோதனை. பொத்தானின் பதிலை 0 என்று நிரந்தரமாக வைத்தேன். 10,000 படி என்று கொடுத்தேன். ஓடி நின்றது.

மணி 3:12.

திரையில் ஒரே ஒரு வரி. பொத்தான்: 1.

நான் 0 வைத்திருந்தேன்.

நான் தப்பாக அடித்திருப்பேன் என்று பார்த்தேன். இல்லை. 0 என்றுதான் இருந்தது. மறுபடி ஓட்டினேன். 10,000. பொத்தான்: 1. பழைய சோதனையின் மிச்சம் எங்காவது ஒட்டியிருக்கும் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினேன். பொத்தான்: 1. அலமாரியிலிருந்து கம்பெனி லேப்டாப்பை எடுத்தேன். இதற்கு முன் இந்த ப்ரோகிராமைப் பார்த்தே இராத மெஷின். அதிலும் ஓட்டினேன்.

பொத்தான்: 1.

3:40-க்கு ராபர்ட்டுக்குப் போன் செய்தேன்.

“மச்சான், பெட்டிய ஏதாச்சும் பண்றியா?”

“அது மூலையில கெடக்குடா. நான் பிரியாணி துன்றேன். ஏன்?”

“இங்க பொத்தான் அமுங்குது.”

“எந்தப் பொத்தான்? உங்கிட்ட ஏது பொத்தான்?”

“அதாண்டா.”

“வேளாங்கண்ணிக்குக் கூட்டிட்டுப் போ, மெஷினையும் உன்னையும் சேத்து. வையிடா.”

வைத்துவிட்டான். மழை சத்தம் மட்டும் மிஞ்சியது.

இப்படி ஏதாவது தவறாகப் போனால் எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. பாதி பாதியாகக் குறைப்பது. 10,000 படியில் அமுங்கியிருக்கிறது. சரி, 5,000 படியில்? முதலிலிருந்து ஓட்டு, நிறுத்து, பார். இல்லை என்றால் தவறு அதற்குப் பின்னால். ஆம் என்றால் அதற்கு முன்னால். இப்படியே குறைத்துக்கொண்டு போனால் தவறு நடக்கும் சரியான படியில் போய் நிற்கலாம். என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ள அதைத்தான் செய்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

5,000. பொத்தான்: 0.

7,500. பொத்தான்: 1.

6,250. 0.

6,875. 1.

6,562. 0.

நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போவது போல இருந்தது. இந்தப் பக்கம் சுவர். அந்தப் பக்கம் சுவர். நடுவில் இடம் குறைந்துகொண்டே வந்தது. நடுவில் யாரோ இருக்கிறார்கள்.

6,718. 1.

6,640. 1.

6,601. 0.

4:02-க்குக் கரண்ட் போனது. மின்விசிறி மெல்ல நின்றது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது.

6,620. 1.

6,610. 0.

6,615. 1.

6,612. 1.

6,611.

0.

ஒரே ஒரு படி. 6,611-இல் விரல் இல்லை. 6,612-இல் விரல் இருக்கிறது.

அந்த 6,612-ஆவது படி என்ன செய்கிறது என்று ப்ரோகிராமில் தேடினேன். அது ஒன்றுமே செய்யாத படி. சும்மா இருக்கச் சொல்லும் கட்டளை. பொத்தானை அது கேட்கக்கூட இல்லை.

மெஷினை 6,611-இல் நிறுத்தினேன். திரையைப் பார்த்தேன். பொத்தான்: 0. நின்ற மெஷின். உறைந்த உலகம். நான் சொல்லாமல் அடுத்த படியில் கால் வைக்க முடியாது.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அடுப்படியில் இருந்தபோது கேட்டது.

டக்.

சின்னச் சத்தம். பிளாஸ்டிக் பொத்தான் உள்ளே போகிற சத்தம்.

நான் அசையவில்லை. இன்னொரு டக்குக்காகக் காத்திருந்தேன். அமுக்கினால் ஒன்று, விட்டால் ஒன்று. அப்படித்தானே கேட்கும். இரண்டாவது வரவில்லை.

மணி 4:10.

திரும்பி வந்து பார்த்தேன். ஓடிய படிகள்: 6,611. மெஷின் நின்றுகொண்டுதான் இருந்தது. ஒரு படிகூட நகரவில்லை.

பொத்தான்: 1.

லேப்டாப்பை மூடியிருக்கலாம். கதவைத் திறந்து தெருவுக்கு ஓடியிருக்கலாம். ஏன் உட்கார்ந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. பயத்தைவிட வேறு ஒன்று பெரிதாக இருந்தது. அந்த நிமிடத்தில் இந்த மாடியில் நான் தனியாக இல்லை என்று தோன்றியது. அதைவிட, அங்கே யாரோ என்னைவிடத் தனியாக இருப்பதாகத் தோன்றியது.

பொத்தானை 0-இல் வைத்த பிறகு நான் கொடுத்தது சில ஆயிரம் படிகள். அந்தப் பெட்டியின் வேகத்தில் ஒரு விநாடிக்கே பத்து லட்சம் படிகள் வேண்டும். அதாவது கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு துணுக்கைத்தான் நான் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று விநாடி ஆனால்தானே விரலை எடுக்க முடியும்? நான்தான் அவரை விடவில்லை.

அவரை. அப்போதே மனதில் அப்படித்தான் சொன்னேன்.

பத்து லட்சம் கொடுத்தேன். ஒரு விநாடி.

சத்தம் வந்தது.

லேப்டாப்பில் ஸ்பீக்கரை நான் எப்போதும் அணைத்தே வைத்திருப்பேன். அதிலிருந்து வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், தாழ்வாக... தண்ணீர் தளும்பும் சத்தம். ஒரே ஒரு விநாடி. மெஷின் நின்றதும் பாதியில் அறுந்தது. வெளியே மழை மட்டும் பெய்துகொண்டே இருந்தது.

இன்னொரு பத்து லட்சம். விட்ட இடத்திலிருந்து சத்தம் தொடர்ந்தது. மறுபடி அறுந்தது.

இன்னொன்று. மூன்று விநாடி முடிந்தது.

மெஷின் இப்போது விரல் எடுக்கப்படுவதற்காகக் காத்திருக்கும் இடத்தில் நின்றது. எடுத்தால் போதும். அடுத்த படி சைரன்.

ஐந்து விநாடி கொடுத்தேன். எடுக்கவில்லை.

பத்து விநாடி. தண்ணீர்ச் சத்தம் மேலே வந்திருந்தது. கனமான ஏதோ ஒன்று சுவரில் மோதியது. கட்டில்போல... மரச்சட்டம் கிறீச்சிட்டது. கிறீச்சின் நடுவில் மெஷின் நின்றது. சத்தமும் நடுவிலேயே நின்றது.

இன்னும் பத்து. எடுக்கவில்லை.

நான் பேசினேன் என்று நினைக்கிறேன். “விடுங்க, விட்டுடுங்க” என்று. அறையில் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

இன்னும் பத்து...

தண்ணீர் இப்போது என் காதுக்கு நேராக இருந்தது. நான் உட்கார்ந்திருந்த உயரத்தில். தளும்பவில்லை. நிறைந்துகொண்டிருந்தது. குடம் நிறையும்போது சத்தம் மெலிந்து உயருமே, அப்படி.

நின்றது.

மொத்தம் முப்பத்தெட்டு விநாடி. மணி 4:47.

என் விரல் என்டர் மேல் இருந்தது. அமுக்கவில்லை.

அப்போதுதான் புரிந்தது. அன்றும் அமுக்கியவர் விரலை எடுக்கவே இல்லை; அதனால்தான் சைரன் கத்தவில்லை. ஓட விட்டால் தண்ணீர் ஏறும். பெட்டியை மூடும். நிறுத்தி வைத்தால் ஏறாது. ஆனால் அவர் அங்கேயே, விரலை வைத்தபடியே, அடுத்த படி வராமல்...

எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதும் தெரியவில்லை.

லேப்டாப்பை அணைக்காமல், கரண்ட் வந்ததும் சார்ஜரைச் செருகிவிட்டு அறையைப் பூட்டினேன். அன்று இரவும் திங்களும் செவ்வாயும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன். இசைவாணிக்கு ஒரு வரி மட்டும் அனுப்பினேன். பெட்டியில் குற்றம் எதுவும் இல்லை, மன்னிக்கவும் என்று. மற்றதை எந்த விசாரணையில் சொல்ல முடியும்? பொத்தான் இல்லாத மெஷினில் பொத்தான் அமுங்கியது என்றா?

புதன்கிழமை மதியம் 1:15-க்கு அவளே கூப்பிட்டாள்.

“அண்ணா, அப்பா தூங்கலண்ணா.”

அழுகையும் சிரிப்பும் கலந்த குரல். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம்.

“என்னம்மா சொன்னாங்க?”

“டாக்டர் ரிப்போர்ட் இன்னைக்கித்தாண்ணா வந்துது. இத்தன மாசம் ஆக்கிட்டாங்க. வயித்துல சாராயமே இல்லியாம். நுரையீரல்ல தண்ணியும் இல்ல. நெஞ்சு வலி. ராத்திரி ஒண்ணுலேர்ந்து ரெண்டு மணிக்குள்ளயே உயிர் போயிருக்கு. படுத்த வாக்குல. போன் வர்றதுக்கு முன்னாடியே. அலட்சியம்னு எழுதலண்ணா. பணியில் இருக்கையில் மரணம்னு எழுதிட்டாங்க.”

“ரொம்ப சந்தோஷம்மா.”

“எங்க அம்மா அந்தப் பேப்பர மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கு. ஊருக்குப் போயி வீடு வீடா காட்டப் போவுதாம். இனிமே எவளாவது தள்ளி நடக்கட்டும் பாக்கறேங்குது.”

எனக்கு ஒண்ணு, ரெண்டு என்ற எண்கள் மட்டும் காதில் நின்றன. சிரிப்பு அவள் மூச்சிலிருந்து மெல்ல வடிவது போனில் கேட்டது.

“அண்ணா...”

“சொல்லும்மா.”

“ரெண்டு மணிக்கே அப்பா இல்லன்னா... நாலு மணிக்குச் செல்லாயி பெரிம்மா பாத்த லைட்டு?”

“செல்லாயி சொன்னது...” என்று இழுத்தேன்.

“நீங்க அன்னைக்கி என்னமோ பாத்தீங்க. இல்ல?”

மாலை 4:30-க்கு மஞ்சக்குப்பம் வந்துவிட்டாள். அம்மாவைக் குமராட்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டு நேராக இங்கே. மாடிப்படி ஏறும்போதே எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைக் காட்டினேன். என்னைப் பைத்தியம் என்று அவள் சொல்லவில்லை. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பூட்டைத் திறந்தேன். மூன்று நாளாக மூடிக்கிடந்த அறை. ஆற்று வண்டல் வாசனை லேசாக வந்தது. எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். ஆனால் அவள் வாசலிலேயே ஒரு கணம் நின்று, மூக்கால் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

திரை நான் விட்டுப் போனபடியே இருந்தது. முப்பத்தெட்டாவது விநாடி. பொத்தான்: 1.

“இதா?”

“ஆமா.”

“மூணு நாளாவா?”

“நமக்குத்தாம்மா மூணு நாள். அங்க ஒரு கணந்தான்.”

“அது உங்க மெஷினுக்கு. அப்பாவுக்கு?”

நான் நோட்டை மூடினேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

“கைய எடுத்தா சைரன் கத்திடும். அவ்ளோதானே?”

“அவ்ளோதான்.”

“ஓட வுடுங்கண்ணா.”

“தண்ணி ஏறும்மா. நீ கேக்க வேணாம்.”

“ஊரே கேக்காத வார்த்தையெல்லாம் கேட்டுட்டேன். வுடுங்க.”

எத்தனை படி என்று கேட்கும் இடத்தில் திரை காத்திருந்தது. இத்தனை வருட வேலையில் அந்த இடத்தை நான் காலியாக விட்டதே இல்லை. எங்கே நிற்க வேண்டும் என்று எப்போதும் சொல்லியிருக்கிறேன். அன்று எண் எதுவும் எழுதவில்லை. வெறும் என்டரை அமுக்கினேன்.

மணி 4:52.

சத்தம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அவள் காதைப் பொத்தவில்லை. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். காது மந்தமானவர்களிடம் பேசுவதுபோல, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக.

“அப்பா... நாந்தாம்பா, இசை.”

பொத்தான்: 1.

“எல்லாரும் எழுந்துட்டாங்கப்பா. எல்லாரும் மேட்டுக்குப் போயிட்டாங்க. ஒருத்தர் பாக்கியில்ல.”

அது உண்மையில்லை. அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

தண்ணீர் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

பொத்தான்: 1.

அவள் உள்ளங்கையைத் திரைமேல் வைத்தாள்.

“போதும்பா... கைய எடுப்பா.”